கொழுக்கட்டைக்கு எந்த ஒயின்?

போன வருடம் விநாயகர் சதுர்த்தி முடிந்து வந்த சனிக்கிழமை, சரவணம்பட்டியில் ஒரு நண்பனின் வீட்டு மொட்டைமாடியை ஒட்டிய அறையில் ஆறு பேர் கூடினோம். நண்பன் ஜெர்மனியில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். அங்கிருந்து கொண்டுவந்த பழக்கங்களில் ஒன்று, எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று மண்டையை உடைத்துக்கொள்வது. அன்றைக்கு அவன் வைத்த தலைப்பு ‘மாவுக்குள் பூரணம்’. மாவைத் தட்டி, உள்ளே எதையாவது வைத்து மூடி, வேகவைக்காத நாடே உலகத்தில் கிடையாது என்பது அவன் கட்சி.

போலந்துக்கார அறைத்தோழனிடம் கற்றுக்கொண்ட பியரோகியை அவனே செய்திருந்தான். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்த அரைநிலா. தோழி ஒருத்தி கீரை வைத்த ராவியோலி கொண்டுவந்தாள். தெருமுனை வண்டிக்கடையில் நான்கு பிளேட் மோமோ சொல்லியிருந்தோம். என் பங்கு, கிணத்துக்கடவுப் பக்கம் இருக்கும் அம்முச்சி வீட்டிலிருந்து அன்று காலை எடுத்துவந்த ஒரு தூக்குப்போசி நிறையக் கொழுக்கட்டை. அம்மாவைப் பெற்றவளை எங்கள் பக்கம் அம்முச்சி என்போம். போசியைத் திறந்ததும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஏனென்றால் அது பூரணக் கொழுக்கட்டை இல்லை, பிடிகொழுக்கட்டை. அரிசி மாவில் கருப்பட்டியும் தேங்காயும் கலந்து, உள்ளங்கையில் வைத்து ஒரு பிடி பிடித்து வேகவைத்தது. ஐந்து விரல் பதிந்திருக்கும். மூட ஒன்றும் இல்லை, திறக்கவும் ஒன்றும் இல்லை.

“மச்சி, இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையேடா” என்றான் நண்பன். ஆனாலும் போட்டியில் சேர்த்துக்கொண்டான்.

அவன் சொன்ன விதிகள் எனக்குப் பிடித்திருந்தன, அவற்றில் ஒரு நியாயம் இருந்தது. காரத்துக்கு ஆல்கஹால் அதிகமுள்ள ஒயினை ஊற்றினால் எரிச்சல் கூடும், சிவப்பு ஒயினின் துவர்ப்பு அதை இன்னும் கிளப்பிவிடும். அதனால் மோமோவின் சிவப்புச் சட்னிக்கு லேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின். அவன் தேர்வு ஜெர்மன் ரீஸ்லிங், கிடைத்தது நாசிக்கின் செனின் பிளாங்க். பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் உள்ள பியரோகிக்குப் புளிப்பான ஒயின், கொழுப்பை அறுத்துக்கொண்டு போகும். இனிப்புப் பண்டமென்றால் ஒயின் அதைவிட இனிப்பாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒயின் புளித்த தண்ணீராகிவிடும். இந்தக் கடைசி விதிப்படி கொழுக்கட்டைக்கு கோவா போர்ட் ஒயின் வந்தது. குடித்துப் பார்த்தோம். கருப்பட்டியின் புகைவாசம் ஒயினை அமுக்கிப்போட்டது. “கொழுக்கட்டைக்கு எந்த ஒயின்?” என்பது அன்றிரவு முழுக்க ஒரு நகைச்சுவையாகவே ஓடியது.

இடையில் மோமோ வந்தது. வண்டிக்கடைத் தம்பியே மாடியேறிக் கொண்டுவந்திருந்தான். டார்ஜிலிங் பக்கத்து மலைக்காரன், கோயம்புத்தூர் வந்து நான்கு வருடம் ஆகிறது, தமிழ் நன்றாகவே பேசுவான். நண்பன் ஆர்வமாகக் கேட்டான்: “தம்பி, உங்க ஊர்ல மோமோவுக்கு என்ன குடிப்பீங்க?” அவன் கொஞ்சம் யோசித்து, “தோங்பா அண்ணா” என்றான். அது என்னவென்று கேட்டோம். மூங்கில் குவளையில் தானியத்தைப் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, குழல் வைத்து உறிஞ்சுவோம் என்று கையால் காட்டினான். எல்லாரும் ஆகா என்றோம். ஒருத்தி அலைபேசியில் குறித்துக்கொண்டாள். பிறகு பணத்தைக் கொடுத்தேன், மேலே ஐம்பது ரூபாயும் கொடுத்தேன். அவன் போனதும் கதவைச் சாத்தினேன்.

அவன் பேசியது முழுக்கச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடி என்பது மறுநாள்தான் எனக்கு உறைத்தது. அந்த அறையில் மோமோவைப் பற்றி நிஜமாகவே ஏதாவது தெரிந்த ஒரே ஆள் அவன். அவனிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டோம். உட்காரச் சொல்லத் தோன்றவில்லை. கடையில் ஆள் இல்லை என்று அவனே மறுத்திருக்கக்கூடும். ஆனால் மறுக்கிற வாய்ப்பு அவனுக்குக் கிடைக்கவில்லை.

*

நாக்கின் விருப்பத்துக்கும் அறத்துக்கும் சம்பந்தம் உண்டா? இது பழைய கேள்வி. விசித்திரம் என்னவென்றால், இதைப் பேசிய மேற்கத்தியத் தத்துவவாதிகள் இரண்டு பேருமே உதாரணத்துக்கு ஒயினைத்தான் எடுத்தார்கள்.

காண்ட் 1790-இல் எழுதிய நூலில், கானரித் தீவு ஒயின் இனிமையானது என்று ஒருவர் சொன்னால் ‘எனக்கு இனிமையானது’ என்று திருத்திச் சொல்ல வேண்டும் என்கிறார். நாக்கு அவரவர் சொந்த விஷயம், அதில் பிறரை ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கேட்க முடியாது. அழகு அப்படியில்லை என்று அவர் வேறு பக்கம் போகிறார். ஆக, காண்ட் கணக்கில் எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் ஆறு தனி நாக்குகள், அவ்வளவுதான்.

அவருக்கு முப்பத்துமூன்று வருடம் முன்னால், 1757-இல், டேவிட் ஹ்யூம் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில் ‘டான் குவிக்சாட்’ நாவலிலிருந்து ஒரு கதை சொல்கிறார். சாஞ்சோவின் உறவுக்காரர்கள் இரண்டு பேரிடம் ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒருவர், நல்ல ஒயின், லேசாகத் தோல்வாசம் அடிக்கிறது என்கிறார். இன்னொருவர், நல்ல ஒயின், லேசாக இரும்புவாசம் அடிக்கிறது என்கிறார். ஊரே சிரிக்கிறது. பீப்பாயைக் காலிசெய்து பார்த்தால், அடியில் தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி கிடக்கிறது.

நான் ஹ்யூம் பக்கம். நல்ல நாக்கு என்பது வெறும் விருப்பம் இல்லை, அது ஒருவகைக் கவனிப்பு. மற்றவர்களுக்குத் தட்டுப்படாத ஒன்று, நிஜமாகவே அங்கே இருக்கிற ஒன்று, அதற்குத் தட்டுப்படுகிறது. நண்பன் விதிகள் சொல்லும்போது எனக்குப் பிடித்ததும் இதுதான். ஆனால் கவனிப்பு என்று வந்துவிட்டால் கேள்வி அங்கேயே நிற்காது. எதைக் கவனித்தாய், எதை விட்டாய் என்று யாராவது கேட்கலாம். சட்னியின் காரத்தைக் கவனித்தவனுக்கு அதை அரைத்தவன் எங்கே நிற்கிறான் என்பது தட்டுப்படவில்லையே என்று கேட்கலாம்.

*

நண்பன் சொல்லாமல் விட்ட ஒரு விதி உண்டு. ஒயின்காரர்கள் எல்லாரும் சொல்வது: ஒரே மண்ணில் விளைந்தவை ஒன்றோடொன்று சேரும். அந்த வட்டாரத்துச் சாப்பாட்டுக்கு அந்த வட்டாரத்து ஒயின். இதற்கும் விலக்கு உண்டு. ஜார்ஜியாவில் ஒயின் செய்து 8,000 வருடம் ஆகிறது. மண்ணில் புதைத்த பெரிய தாழிகளில் இன்றும் செய்கிறார்கள், 2013-இல் யுனெஸ்கோ அந்த முறையைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அவர்களுடைய கின்காலிக்கு, கறியும் சாறும் வைத்துக் கொசுவம் மடித்த பெரிய கொழுக்கட்டைக்கு, அவர்கள் பெரும்பாலும் பீர்தான் குடிக்கிறார்கள். சரி, விலக்கு இருக்கட்டும். விதியைக் கொழுக்கட்டைக்குப் போட்டுப் பார்ப்போம்.

பிடிகொழுக்கட்டையில் உள்ளவை மூன்று: அரிசி, தேங்காய், கருப்பட்டி. மூன்றில் இரண்டு, பாளை விடுகிற மரங்களிலிருந்து வருகின்றன. பனம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுவது ஒரே சாறு. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காது. மற்ற ஊர்களில் பதநீர் என்பதை எங்கள் பக்கம் தெளுவு என்போம். தெளுவைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்தில் வேலையை ஆரம்பித்துவிடும். அது கள்.

அதாவது கருப்பட்டியும் கள்ளும் ஒரே பாளையின் பிள்ளைகள். நடுவில் இருப்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்பு. ஒயின்காரர்களின் விதிப்படி கொழுக்கட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது கோவா போர்ட் இல்லை, ஒரு கோப்பைக் கள். அது தமிழ்நாட்டில் குற்றம். கிணத்துக்கடவிலிருந்து மேற்கே வண்டியை விட்டு வேலந்தாவளம் தாண்டினால் கேரளா, அங்கே கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு. சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலிருந்து கேரளம் முழுக்கக் கள் போகிறது. இந்தப் பக்கத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்க் குடித்துவிட்டு வருகிறார்கள். ஒரே வெயில், ஒரே மழை, ஒரே மரம்.

இது தெரிந்ததும் எனக்குச் சூடு ஏறியது. இரண்டு வாரம் எங்கே போனாலும் இதையே பேசினேன். கள்ளில் ஆல்கஹால் ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஒயினில் 12, டாஸ்மாக் பிராந்தியில் 42.8. மூன்றில் மிகக் குறைவானது மட்டும் தடை. 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-இல் அது தளர்ந்து, பிறகு மறுபடி இறுகி, 1981-இல் மறுபடி திறந்து, கடைசியில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மூடப்பட்டன. மதுவை மூடிய அரசேதான் 2003-இல் சில்லறை மதுக்கடையையும் நடத்த ஆரம்பித்தது. பாட்டிலில் அடைத்து, மூடி போட்டு, வரி ஒட்ட முடிகிற சரக்கு இருக்கலாம். மரத்திலிருந்து இறங்கி, அன்றைக்கே குடித்துத் தீர வேண்டிய சரக்கு இருக்கக் கூடாது. கொங்குப் பகுதி விவசாயிகள் கள் இறக்க அனுமதி கேட்டு வருடக்கணக்காகப் போராடுவதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. மாடியறையில் கோப்பையைச் சுழற்றுகிற நாங்கள் ரசிகர்கள், பனைமரத்தடியில் உட்கார்ந்தவன் குடிகாரன். பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியூ 1979-இல் ஒரு பெரிய புத்தகம் முழுக்கச் சொன்னது இதைத்தான்: ரசனை என்பது நாம் எந்த வர்க்கம் என்று காட்டிக்கொள்ளும் வழி.

ஒயின் வெளியூர்ச் சரக்கு, கள் நம்ம சரக்கு என்றும் கொஞ்ச நாள் பேசினேன். அது நிற்கவில்லை. புறநானூற்றின் 56-ஆவது பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கலத்தில் பெண்கள் ஊற்றித்தரப் பாண்டிய மன்னன் பருகி வாழட்டும் என்று வாழ்த்துகிறார். மேற்குக் கடற்கரையில் இறங்கிய ரோம வணிகம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்கள் ஊரைத் தாண்டித்தான் கிழக்கே போனது. வெள்ளலூரில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த ரோமக் காசுகள் அதற்குச் சாட்சி. ஒயின் இங்கே புதுசு இல்லை. கொழுக்கட்டையும் புதுசு இல்லை. மதுரைக்காஞ்சியில், ஊர் அடங்குகிற நேரத்தில், உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகம் விற்கிறவர்கள் தெருவில் உட்கார்ந்தபடி தூங்கி வழிகிறார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காலத்தவை. ஒன்று அரண்மனையில், பொற்கலத்தில். இன்னொன்று நடுராத்திரித் தெருவில், கண்சொருகிய வியாபாரியின் முன்னால். இரண்டையும் ஒரே மேசையில் யாராவது வைத்தார்களா என்று பாட்டு சொல்லவில்லை.

*

இத்தனை வாதங்களையும் கட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்முச்சியிடம் போனேன். எழுபத்தெட்டு வயது. திண்ணையில் உட்கார்ந்து கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து எனக்கு வேண்டியது ஒரு சாட்சியம். அந்தக் காலத்தில் நோம்பிக்குக் கொழுக்கட்டை அவித்து, கூடவே கள்ளும் குடித்தீர்கள் அல்லவா, எவ்வளவு நன்றாக இருந்தது என்று அவள் சொல்ல வேண்டும். கட்டுரைக்கு அது போதும்.

“குடிச்சாங்க கண்ணு, ஆம்பளைங்க குடிச்சாங்க” என்றாள். “தோட்டத்துல கடை போட்டிருப்பாங்க. நம்ம ஆளுகளுக்கு மொந்தைல ஊத்துவான். வேலைக்கு வர்றவீங்களுக்குச் செரட்டைல. எட்டத்துல நின்னு வாங்கிக் குடிச்சுப்போட்டுப் போகோணும்.”

ஒரே மண், ஒரே மரம், ஒரே கள். அதிலும் மொந்தை ஒன்று, சிரட்டை ஒன்று. எங்கள் மாடியறையின் செருப்பு அலமாரி ஞாபகம் வந்தது.

நான் விடவில்லை. கள்ளில் போதை குறைவு, சத்து உண்டு, மூடியது தப்பு, ஒயினை விட்டுவிட்டுக் கள்ளை மட்டும் தடுப்பது ஓரவஞ்சனை என்று அடுக்கினேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். இடதுகையை நீட்டி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். அது முழுதாகத் திரும்பவில்லை.

“இது உங்கப்புச்சி கள்ளு குடிச்சுப்போட்டு வந்த அன்னைக்கு. உங்கம்மாளுக்கு அப்ப ஆறு வயசு. மாவுக்கட்டுப் போட்டாங்க, செரியாக் கூடல. அதுக்கப்பறம் இந்தக் கையில சொப்பு செய்ய வரல. அதனாலதேன் புடிகொழுக்கட்டை. ஒரு கை போதும்.”

பூரணக் கொழுக்கட்டைக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கையில் மாவைச் சொப்புப் போல ஏந்தி, மறு கையின் விரல்களால் ஓரத்தை மெலிசாக்கி, பூரணம் வைத்து, சுற்றிக்கொண்டே மூட வேண்டும். ஏந்துகிற கை திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். பிடிகொழுக்கட்டைக்கு வலதுகை ஒன்று போதும். முப்பது வருடமாக நான் சாப்பிடுகிறேன். எங்கள் வீட்டு வழக்கம் என்று நினைத்திருந்தேன். சிநேகிதர்களிடம் கொங்குப் பாரம்பரியம் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே என்று நண்பன் சிரித்தபோது சேர்ந்து சிரித்தேன். பீப்பாயின் அடியில் இருந்த இரும்பு என் நாக்குக்கு ஒருநாளும் தட்டுப்படவில்லை.

“அப்பறம் கள்ளுக்கடைய மூடுனாங்க. நல்லதாப் போச்சுன்னு மாகாளியம்மனுக்குப் பொங்க வெச்சேன். அவரு பிராந்திக் கடைக்குப் போனாரு. கள்ளுன்னா பொழுதோட வந்துருவாரு. பிராந்தின்னா எங்காச்சும் உழுந்து கெடப்பாரு, தேடிப் போகோணும்.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: “கள்ளோ, பிராந்தியோ, நீ குடிக்கறயே அந்த ஒயினோ. குடிச்சுப்போட்டு வர்றவனோட கை ஒண்ணுதேன் சாமி.”

நான் ஒயின் குடிப்பது அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

*

அன்று திரும்பி வரும்போது பேருந்தில் என் வாதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது பொய்யாகிவிடவில்லை. கள்ளுக்கு ஒரு நீதி, பிராந்திக்கு ஒரு நீதி என்பது இன்றும் ஓரவஞ்சனைதான். மூடினால் குடி நிற்காது என்பதற்கு அம்முச்சியே சாட்சி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் என்ன விற்கும் என்பதற்கு அது சாட்சி. அதேசமயம், 1921-இல் ஈரோட்டில் காங்கிரஸ்காரராக இருந்த பெரியார் தன் தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டச் சொன்னார் என்பதை நான் அதுவரை ஒரு வேகத்தின் கதையாகத்தான் நினைத்திருந்தேன். சொந்த வருமானத்தின் கழுத்தில் கோடரி வைத்த வீம்பு. அந்தக் கள்ளுக்கடை மறியலில் அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் முன்னால் நின்றார்கள் என்பதை வெறும் தகவலாகப் படித்திருந்தேன். இப்போது அந்த இரண்டு பேரின் பின்னால் நின்ற பெயர் தெரியாத பெண்களின் மணிக்கட்டுகளைத்தான் நினைக்கத் தோன்றுகிறது.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஒரு முழு அதிகாரம் ஒதுக்கினார், 93-ஆவது. பள்ளிக்கூடத்தில் அது எனக்குச் சலிப்பான அறிவுரையாகத்தான் பட்டது. அதில் ஒரு குறள், குடித்தவனின் களிப்பு பெற்ற தாயின் முகத்துக்கு முன்னாலேயே வேதனை என்றால் சான்றோர் முன்னால் எப்படியிருக்கும் என்று கேட்கிறது. சான்றோர் கிடக்கட்டும். கவனிக்க வேண்டியது, வள்ளுவர் குடிப்பவனின் நாக்கிலிருந்து பேசவில்லை, எதிரே நிற்பவளின் முகத்திலிருந்து பேசுகிறார் என்பதைத்தான். அதே வள்ளுவர் காமத்துப்பாலில் நினைத்தாலே இனிப்பதால் காதல் கள்ளைவிட இனிது என்கிறார். கள்ளின் இனிமை தெரியாதவர் அந்த ஒப்புமைக்குப் போக மாட்டார். இனிமையும் உண்மை, எதிரே இருக்கும் முகமும் உண்மை. இரண்டையும் ஒரே ஆள் எழுதியிருக்கிறார்.

இதை வைத்துக்கொண்டு நான் குடிப்பதை விட்டுவிட்டேன் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். விடவில்லை. மாதம் ஒருமுறை நண்பன் வீட்டில் இரண்டு கோப்பை, இப்போதும். என் கை யார் மேலும் ஓங்கியதில்லை. ஆனால் அப்புச்சியும் முதல் பத்து வருடம் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஒயின் பண்பாடு, கள் குற்றம் என்பது எப்படிப் பொய்யோ, அப்படியே ஒயின் ரசனை அதனால் ஆபத்தில்லை என்பதும் பொய். நான் ‘ரசிக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்வதால் ஆல்கஹாலுக்கு என் மேல் மரியாதை வந்துவிடாது.

மாறியது ஒன்றுதான். எதோடு எது சேரும் என்ற கேள்வியை என்னால் இரண்டு பொருளோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. ஒரு தட்டு, ஒரு கோப்பை என்று ஒயின் புத்தகங்கள் கணக்குப் போடும். தட்டை நிரப்பிய கை எங்கே, அந்தக் கைக்கும் இந்தக் கோப்பைக்கும் என்ன உறவு, அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இந்த மேசையில் உட்கார முடியுமா என்பது கணக்கில் வராது. சுவைக்கும் நீதிக்கும் சம்பந்தமில்லை என்று காண்ட் சொல்லலாம். ஹ்யூமின் கதையை ஏற்றுக்கொண்ட எனக்கு அந்த வசதி இல்லை. தோல்வாசமும் இரும்புவாசமும் தெரிகிற நாக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டு, சாவி கிடைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது.

*

தை மாதம் கண்புரை அறுவை சிகிச்சைக்காக அம்முச்சி கோயம்புத்தூர் வந்து என் அறையில் பத்து நாள் இருந்தாள். பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாயங்காலம் தெருமுனை வரை நடப்பாள். மூன்றாவது நாள் மோமோ வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

“இதென்ன, கொழுக்கட்டையா?”

“ஆமாங்க பாட்டி, எங்க ஊர் கொழுக்கட்டை” என்றான் தம்பி. அவனுக்கு அந்த வார்த்தை தெரிந்திருந்தது.

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து மடிப்புகளை எண்ணினாள். “ஆரு புடிச்சது?” அவன் அண்ணி, வீட்டில் பிடித்துக் கொடுத்து அனுப்புகிறாள், ஒரு நாளைக்கு நானூறு. “நானூறா” என்று அம்முச்சி தன் இடதுகையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு என்னைக் கேட்டாள், இதுக்கு அவீங்க ஊர்ல என்ன தொட்டுக்குவாங்க, என்ன குடிப்பாங்க என்று. தோங்பாவைச் சொன்னேன். இதற்குள் நான் தேடிப் படித்திருந்தேன். அது கிழக்கு நேபாளத்திலும் டார்ஜிலிங் மலையிலும் புழங்கும் பானம், லிம்பு மக்களுடையது, புளிக்கவைக்கும் தானியத்துக்கு நேபாளியில் கோதோ என்று பெயர். கோதோ என்றால் வேறொன்றும் இல்லை, ராகி.

“ராகியா? நம்ம ராகியா?” அம்முச்சிக்கு நம்ப முடியவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பையனின் வீட்டில் ராகி இருக்கும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. அவளுக்கு ராகி என்றால் களி, கீரைக் கடைசலில் தோய்த்து விழுங்குகிற உருண்டை. தமிழில் களி என்றால் சோறும்தான், போதையின் மகிழ்ச்சியும்தான். அவள் வாழ்க்கையில் முதலாவது அவளுக்கு, இரண்டாவது அப்புச்சிக்கு.

மறுநாள் ராகியைக் கரைத்துக் காய்ச்சி, ராத்திரி முழுக்கப் புளிக்கவைத்து, மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் கூழாக்கி, ஒரு சொம்பு நிறைய எடுத்துக்கொண்டாள். கடையில் கூட்டம் இல்லாத நேரம். தம்பி இருந்த ஒரே பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்து அவளுக்குப் போட்டான், தான் ஒரு சோடா கிரேட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தான். நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் ஒரு வாய் குடித்தான். முகம் ஒருமாதிரி போனது. மரியாதைக்காக இன்னொரு வாய் குடித்தான்.

“பாட்டி,” என்றான் கடைசியில், “இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே.”

அம்முச்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், மாத்திரைக்குக் கூடச் சிரிக்காத கிழவி, பச்சைக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சட்னி இல்லாமல் இரண்டு மோமோ கேட்டு வாங்கி, சொம்பில் மிச்சமிருந்த கூழைத் தானே குடித்துக்கொண்டு சாப்பிட்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“சேரல,” என்றாள். “செரி, நாளைக்கு மோர் கொறச்சுப் போட்டுப் பாக்கலாம்.”